பார் பார்த்த பிறகே குளிப்பு! முத்துக்குளித்துறை கற்றுத்தரும் இலக்குக் கணக்கு

"இந்த வருஷம் ஏக்கருக்கு ஒரு லட்சம் எடுத்தே ஆகணும்." "தை வெள்ளாமையோட அடகுல இருக்கிற நகையை எல்லாம் மீட்டுடணும்." "இன்னும் ரெண்டு ஏக்கர் குத்தகைக்குப் பிடிச்சா எல்லாம் சரியாப்போகும்."

ஆடி பிறந்துவிட்டால் விளாத்திகுளம், புதூர், எட்டயபுரம் பக்கத்துக் கரிசல் கிராமங்களில் இப்படிப்பட்ட பேச்சு தொடங்கிவிடும். ஆசைப்படுவது தவறில்லை. இலக்கு இல்லாமல் உழுதால் மாடும் களைக்கும், மனிதனும் களைப்பான். ஆனால், இலக்கை எந்தக் கணக்கில் வைத்தோம் என்பதில்தான் பல குடும்பங்கள் சறுக்குகின்றன. மாசி, பங்குனியில் அறுவடை முடிந்து பார்த்தால், நினைத்தது கைக்கு வராமல், வந்ததும் கைவிட்டுப் போய், புதிதாக ஒரு கடன் மட்டும் மிச்சமாகிறது.

இலக்கை எப்படி வைக்க வேண்டும், எங்கே வழுக்கும் என்பதற்குத் தூத்துக்குடி கடலே நல்ல பாடப்புத்தகம். இந்தக் கடற்கரைக்கு முத்துக்குளித்துறை என்றே பெயர். முத்தெடுத்து உயர்ந்தவர்களின் கணக்கும், முத்தை நம்பி முழுகியவர்களின் கணக்கும் இங்கே உண்டு.

இறங்குவதற்கு முன் எண்ணிப் பார்த்தார்கள்

மன்னார் வளைகுடாவில், கடலுக்கு அடியில் முத்துச்சிப்பிகள் ஒட்டி வளரும் பாறைத்திட்டுகளுக்குப் 'பார்' என்று பெயர். தூத்துக்குடிக்கு எதிரே உள்ள தொள்ளாயிரம் பார் இவற்றில் பெயர்பெற்றது. பாண்டியர் காலத்தில் கொற்கை, பிறகு போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என யார் ஆண்டாலும் இந்தப் பார்களின் மீது கண் இருந்தது.

ஆனால், நினைத்த வருடமெல்லாம் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. முத்துச் சலாபம் என்று சொல்லப்படும் குளிப்பை அறிவிக்கும் முன் ஒரு முறை இருந்தது. அதிகாரிகள் படகில் போய், குளிகாரர்களை இறக்கி, பார்களைச் சோதிப்பார்கள். சிப்பி எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது, அதன் வயது என்ன என்று பார்ப்பார்கள். வயது குறைந்த சிப்பியில் முத்து சிறிதாக இருக்கும். அதிக வயது போனால் சிப்பி தானாகவே செத்து, முத்தும் கடலோடு போய்விடும். எனவே, வயதுக்கணக்கு முக்கியம்.

அதோடு நிற்கவில்லை. சில ஆயிரம் சிப்பிகளை மாதிரிக்கு எடுத்து, அழுகவைத்துக் கழுவி, கிடைத்த முத்துகளை வியாபாரிகளைக் கொண்டு விலை மதிப்பிடுவார்கள். ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு ரூபாய் முத்து தேறும் என்று தெரிந்த பிறகுதான், குளிப்பு உண்டா இல்லையா என்று அறிவிப்பார்கள். தேறாது என்றால், அந்த வருடம் குளிப்பு இல்லை. அவ்வளவுதான்.

இப்படிப் பார்த்துப் பார்த்து நடத்தியதில், தூத்துக்குடிப் பக்கம் 1926 முதல் 1928 வரை குளிப்பு நடந்தது. அடுத்த குளிப்புக்கு 1955 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1955 முதல் 1961 வரை தொடர்ச்சியாகக் குளிப்பு நடந்தது. அதற்குப் பிறகு இங்கே பெரிய முத்துக்குளிப்பு இல்லை.

இதிலிருந்து விவசாயி எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. கடலில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் 'இந்த வருடம் இவ்வளவு எடுப்போம்' என்று யாரும் இலக்கு வைக்கவில்லை. முதலில் மாதிரி. பிறகு கணக்கு. அதன் பிறகே இலக்கு.

ஒரு நல்ல வருடத்தை நம்பிய குத்தகை

இந்த முறைக்கு நேர்மாறாக நடந்த கதை ஒன்று எதிர்க்கரையில் இருக்கிறது. இலங்கைப் பக்கத்துப் பார்களில் 1891-க்குப் பிறகு 1903 வரை குளிப்பே நடக்கவில்லை. 1903-ல் சிப்பி திரும்ப வந்தது. 1905-ல் மன்னாருக்குத் தெற்கே மரிச்சுக்கட்டியில் நடந்த குளிப்பு, கண்டிராத அளவுக்கு இருந்தது. அந்த ஒரே வருடத்தில் இலங்கை அரசுக்குச் சுமார் 25 லட்சம் ரூபாய் வருமானம் கிடைத்தது.

அந்தச் சமயத்தில் லண்டனில் ஒரு கம்பெனி உருவானது. 1906-ல் இந்தப் பார்களை 20 வருடங்களுக்குக் குத்தகை எடுத்தது. வருடக் குத்தகை 3 லட்சத்து 10 ஆயிரம் ரூபாய். காகிதத்தில் கணக்குப் போட்டால் கண்ணைக் கட்டும். 1905-ல் வந்த வருமானம் எட்டு வருடக் குத்தகைக்குச் சமம். அப்படி ஒரு வருடம் இன்னும் மூன்று முறை வந்தாலே போதும், மீதியெல்லாம் லாபம்தானே?

வரவில்லை. 1907-க்குப் பிறகு பார்களில் குளிக்கும் அளவுக்குச் சிப்பி இல்லை. மணல் நகர்ந்து பார்களை மூடும். திருக்கையும் கிளாத்தியும் சிப்பிகளைத் தின்னும். சூரன் என்னும் வேறு வகைச் சிப்பி பாய் விரித்தாற்போலப் படர்ந்து, முத்துச்சிப்பிக் குஞ்சுகளை அமுக்கிவிடும். இதெல்லாம் கடலில் புதிதல்ல. ஆனால், குத்தகைப் பணம் மட்டும் வருடம் தவறாமல் கட்டியாக வேண்டும். 20 வருடம் ஓட வேண்டிய குத்தகை, பத்து வருடம்கூட ஓடவில்லை. கம்பெனி முடங்கியது.

அந்தக் கம்பெனிக்குப் பணம் இல்லாமல் இல்லை, படித்தவர்கள் இல்லாமலும் இல்லை. கடல்வாழ் உயிரின வல்லுநர்களின் அறிக்கைகளே அவர்கள் கையில் இருந்தன. அவர்கள் கணக்கில் சறுக்கிய இடங்கள் மூன்று:

1. மிகச் சிறந்த வருடத்தை வழக்கமான வருடமாக எடுத்துக்கொண்டார்கள். அதற்கு முந்தைய 11 வெற்று வருடங்கள் பதிவேட்டில் இருந்தும் அவற்றைக் கணக்கில் சேர்க்கவில்லை.
2. நிச்சயமில்லாத வரவை நம்பி, நிச்சயமான செலவை ஏற்றுக்கொண்டார்கள்.
3. சிப்பி இல்லாத வருடங்களைத் தாங்குவதற்கு ஈடான வேறு வருமானம் வைத்துக்கொள்ளவில்லை.

இந்த மூன்றும் இன்று நம் வயல்வரப்பிலும் நடக்கின்றன.

சறுக்கல் 1: நல்ல வருடத்தைக் கண்டு மயங்குவது

முண்டு மிளகாய்க்கு ஒரு வருடம் நல்ல விலை கிடைத்தால், அடுத்த வருடம் ஊரே மிளகாய் போடுகிறது. மக்காச்சோளம் நன்றாக வந்ததென்று பரப்பைக் கூட்டியவர்களை, 2018-ல் படைப்புழு வந்து நிலைகுலைய வைத்தது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. இந்த மாவட்டத்தில் ஒரு வருடம் முழுக்கப் பெய்யும் சராசரி மழையைவிட இது அதிகம். மானாவாரி உளுந்து, பாசி, மக்காச்சோளம் என்று எதுவும் தப்பவில்லை. ஆற்றுப் பாசனத்தில் வாழை வைத்தவர்களும் தப்பவில்லை.

இதற்கு மருந்து, பழைய நோட்டுதான். கடைசி ஐந்து வருட விளைச்சலை எழுதுங்கள். நோட்டு இல்லாதவர்கள், வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து நினைவுபடுத்தி எழுதலாம். வியாபாரி கொடுத்த எடைச்சீட்டு, சங்கத்துக் கணக்கு என்று எதிலாவது தடம் இருக்கும்.

உதாரணத்துக்கு, மானாவாரி உளுந்தில் ஏக்கருக்கு 400, 250, 0, 300, 200 கிலோ என்று ஐந்து வருடம் கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். ஏறுவரிசையில் அடுக்கினால் 0, 200, 250, 300, 400. இதிலிருந்து மூன்று எண்கள் கிடைக்கும்.

- நடுவில் நிற்கும் 250 கிலோ, கணக்கு எண். வரவு செலவுத் திட்டம் இதை வைத்துத்தான் போட வேண்டும்.
- அதற்கு அடுத்த 300 கிலோ, முயற்சி எண். இதை எட்டத்தான் இந்த வருடம் பாடுபட வேண்டும்.
- கடைசியில் நிற்கும் 0, தாங்கும் எண். இப்படி ஒரு வருடம் வந்தால் அரிசி, பள்ளிக்கட்டணம், வட்டி ஆகியவற்றுக்கு என்ன வழி என்பதை விதைக்கும் முன்பே யோசித்துவிட வேண்டும்.

400 கிலோவை இலக்காக வைத்துக் கடன் வாங்குபவர், 1905-ஐ நம்பிக் குத்தகை எடுத்த கம்பெனியைப் போன்றவர்.

சறுக்கல் 2: கையில் இல்லாததை இலக்காக்குவது

மழை நம் கையில் இல்லை. விலையும் நம் கையில் இல்லை. 'குவிண்டாலுக்கு இவ்வளவு விலைக்கு விற்பேன்' என்பது இலக்கு ஆகாது, அது வேண்டுதல். நம் கையில் இருப்பது வேலை. எனவே, வேலையை இலக்காக வையுங்கள்.

உளுந்தையே எடுத்துக்கொண்டால், இலக்குகளை இப்படி எழுதலாம்:

- விதைப்புக்கு முன் மண் பரிசோதனை செய்துவிடுவேன்.
- ஏக்கருக்கு 8 கிலோ விதையை, கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து நேர்த்தி செய்வேன். பிறகு ரைசோபியம் கலந்து விதைப்பேன்.
- வரிசைக்கு வரிசை 30 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 10 சென்டிமீட்டர் இடைவெளி விடுவேன்.
- 15-ம் நாளிலும் 30-ம் நாளிலும் களை எடுப்பேன்.
- பூக்கும் தருணத்தில் ஏக்கருக்கு 2 கிலோ பயறு ஒண்டர் தெளிப்பேன். அல்லது 2 சதவிகித டி.ஏ.பி கரைசலைப் பூக்கும்போது ஒருமுறையும், 15 நாள் கழித்து இன்னொரு முறையும் தெளிப்பேன்.
- அறிவிக்கப்படும் கடைசித் தேதிக்கு முன்பே பயிர்க் காப்பீடு செய்வேன். பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் ராபி பருவ உணவு தானியம், பயறு, எண்ணெய்வித்துகளுக்கு விவசாயி கட்ட வேண்டியது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவிகிதம்தான்.

இவை ஒவ்வொன்றையும் முடித்தோமா இல்லையா என்று தெளிவாகச் சொல்ல முடியும். பலன் குறைந்தாலும், எந்த இடத்தில் குறைந்தது என்று கண்டுபிடிக்க முடியும். 'நிறைய விளையணும்' என்ற இலக்கில் அப்படிக் கண்டுபிடிக்க வழியில்லை.

சறுக்கல் 3: இடையில் சோதிக்காமல் இருப்பது

பார்களைச் சோதித்ததைப்போல, வயலையும் சோதிக்கலாம். இதற்குச் செலவு இல்லை. நான்கு குச்சியும் கயிறும் போதும். விதைத்த 15-ம் நாளில், வயலில் ஐந்து இடங்களில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரம் போட்டு, உள்ளே இருக்கும் செடிகளை எண்ணுங்கள். ஓரங்களை விட்டுவிட்டு, நன்றாக இருக்கும் இடம், மோசமாக இருக்கும் இடம் இரண்டையும் சேர்த்து எடுக்க வேண்டும். நல்ல இடமாகப் பார்த்து எண்ணுவது நம்மை நாமே ஏமாற்றுவது.

30-க்கு 10 இடைவெளியில் ஒரு சதுர மீட்டரில் சுமார் 33 செடிகள் இருக்க வேண்டும். ஐந்து இடங்களின் சராசரி 28, 30 என்று இருந்தால் 300 கிலோ முயற்சியைத் தொடரலாம். 20-க்குக் கீழே என்றால், அந்த வருடத்தின் முயற்சி எண்ணை அப்போதே குறைத்துக்கொள்ள வேண்டும். செடியே இல்லாத இடத்தில் உரத்தைக் கொட்டி விளைச்சலை இழுத்துப் பிடிக்க நினைப்பதுதான் பலரும் செய்வது. அங்கே போகும் பணம் திரும்பாது. களையெடுப்பு, பூச்சிக் கண்காணிப்பு போன்ற அவசியச் செலவோடு நிறுத்திக்கொண்டு, மீதியை அடுத்த பருவத்துக்கு வைக்கலாம்.

இலக்கைக் குறைப்பது தோல்வி என்று பலர் நினைக்கிறார்கள். சிப்பி இல்லாத வருடத்தில் குளிப்பை நிறுத்தியவர்கள் தோற்றுப்போகவில்லை. படகையும் ஆளையும் அடுத்த வருடத்துக்குக் காப்பாற்றினார்கள்.

சறுக்கல் 4: அடுத்தவர் வரவைப் பார்த்து, செலவைப் பார்க்காதது

2012-ல் பெருந்துறைப் பகுதி ஈமு பண்ணைகளில் பணம் போட்டு இழந்தவர்களை மறக்க முடியாது. குஞ்சு கொடுத்து, மாதாமாதம் பணமும் தருவதாகச் சொன்னார்கள். முதலில் சிலருக்குப் பணம் வரவும் செய்தது. அதைப் பார்த்து மற்றவர்கள் நிலத்தை அடகு வைத்துப் பணம் கட்டினார்கள். கறியை வாங்க யார் இருக்கிறார்கள் என்று கேட்டவர்கள் குறைவு. கடைசியில் நிறுவனங்கள் மூடப்பட்டு, விவகாரம் நீதிமன்றத்துக்குப் போனது.

இப்போது குளத்திலும் தொட்டியிலும் நன்னீர் முத்து வளர்ப்பு என்று பேச்சு பரவலாக இருக்கிறது. தொழில்நுட்பம் பொய்யல்ல. புவனேஸ்வரத்தில் உள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் இதற்குப் பயிற்சி கொடுக்கிறது. ஆனால் சிப்பியைத் திறந்து உள்ளே கருவை வைப்பது கைப்பழக்கம் வேண்டிய வேலை. ஒரு வருடத்துக்கு மேல் வளர்க்க வேண்டும். இடையில் ஒரு பகுதி சிப்பிகள் இறக்கும். இருப்பவை எல்லாவற்றிலும் விலைபோகும் முத்து இருக்காது. 'இத்தனை சிப்பி, ஒரு முத்துக்கு இவ்வளவு ரூபாய்' என்று நேராகப் பெருக்கிச் சொல்லப்படும் லாபத்தில் இவை எதுவும் இருப்பதில்லை.

தூத்துக்குடி கடலிலேயே இதற்குப் பாடம் உண்டு. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் தூத்துக்குடியில் 1972-ல் முத்து வளர்ப்பு ஆய்வைத் தொடங்கியது. அடுத்த ஆண்டே, 1973-ல் வேப்பலோடையில் டாக்டர் கே.அழகர்சாமி குழுவினர் வளர்ப்பு முத்தை உருவாக்கினார்கள். சிப்பிக் குஞ்சுகளைப் பொரிப்பகத்தில் உற்பத்தி செய்வதில் வெற்றி கிடைத்தது 1981-ல். படிப்படியாக, ஒரு படி உறுதியான பிறகே அடுத்த படி. இவ்வளவு செய்தும் முத்து வளர்ப்பு நம் கடற்கரையின் பெருந்தொழிலாகிவிடவில்லை. தொழில்நுட்பம் வெற்றி பெறுவது வேறு, அதை வைத்துப் பிழைப்பு நடப்பது வேறு.

எனவே, புதிய தொழில் எதுவானாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள். வாங்குபவர் யார்? கடந்த வருடம் விற்ற ரசீதைக் காட்ட முடியுமா? தொழிலைச் சொல்லிக்கொடுப்பவருக்கு வருமானம் விளைபொருளை விற்பதிலா, நமக்குக் குஞ்சும் கருவியும் விற்பதிலா? கடைசிக் கேள்விக்குப் பதில் தெரிந்தாலே பாதி தெளிவு வந்துவிடும்.

சறுக்கல் 5: ஒரே வருடத்தில் கடனை அடைக்க நினைப்பது

கிராமத்துக் குடும்பங்களின் முதல் இலக்கு பெரும்பாலும் கடன் அடைப்பதுதான். இதிலும் கணக்கு வேண்டும். ஒரு குடும்பத்துக்குத் தனியாரிடம் ஒன்றரை லட்சம் ரூபாய் கடன், நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டி என்று வைப்போம். அதாவது ஆண்டுக்கு 24 சதவிகிதம். வட்டி மட்டுமே வருடத்துக்கு 36,000 ரூபாய். குடும்பச் செலவு போக மிஞ்சுவது, வெள்ளாமையில் 40,000, பாலில் மாதம் 1,500 வீதம் 18,000. ஆக மொத்தம் 58,000.

'தை அறுவடையில் மொத்தமும் அடைப்பேன்' என்பது இந்தக் குடும்பத்தால் முடியாத இலக்கு. வட்டி போக 22,000 ரூபாய்தான் அசலில் குறையும். இதே வேகத்தில் போனால் கடன் தீர ஐந்தாவது வருடம் ஆகும்.

வேறு வழியாகப் பாருங்கள். வீட்டில் இருக்கும் நகையை வங்கியில் வைத்து ஒரு லட்சத்தை மாற்றினால், வட்டியை 10 சதவிகிதம் என்று கணக்கிட்டால் 10,000 ரூபாய். மீதி 50,000-க்குத் தனியார் வட்டி 12,000. இரண்டும் சேர்த்து 22,000. மிச்சமாகும் 36,000 ரூபாயைத் தனியார் கடனில் கட்டினால், வருடக் கடைசியில் அது 14,000-க்கு வந்து நிற்கும். நாலாவது வருடத்துக்குள் முழுக் கடனும் தீரும்.

இதைவிட முக்கியமானது இன்னொன்று. முதல் வருடமே வெள்ளாமை பொய்த்துவிட்டால் கையில் இருப்பது பால் பணம் 18,000 மட்டும். பழைய நிலையில் 36,000 வட்டிக்கு 18,000 துண்டு விழும். அந்த வட்டியும் அசலோடு சேர்ந்து கடன் வளரும். மாற்றிய பிறகு துண்டு விழுவது 4,000 ரூபாய்தான். அதைச் சமாளித்துவிடலாம். எனவே, இந்தக் குடும்பத்தின் முதல் வருட இலக்கு 'கடனை அடைப்பது' அல்ல. 'கடனைக் குறைந்த வட்டிக்கு மாற்றுவது'. சாகுபடிச் செலவுக்குத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கினால், தவணை தவறாமல் கட்டும்போது தமிழ்நாட்டில் வட்டியே இல்லை. விதைப்புக்காகத் தனியாரிடம் போக வேண்டிய அவசியம் அப்போது குறையும்.

முத்து இல்லாவிட்டால் சங்கு

முத்துக்குளிப்பு இல்லாத நீண்ட வருடங்களில் தூத்துக்குடிக் குளிகாரர்கள் சும்மா இருக்கவில்லை. அதே கடலில், அதே மூச்சை அடக்கிச் சங்கு குளித்தார்கள். சங்கில் முத்தைப்போல ஒரே நாளில் பணக்காரராகும் வாய்ப்பு இல்லை. ஆனால், அடுப்பு எரிந்தது. அதிலும் ஓர் ஒழுங்கு இருந்தது. குறிப்பிட்ட அளவுக்குச் சிறிய சங்கு வந்தால் திரும்பக் கடலில் விட வேண்டும் என்பது விதி. அடுத்த வருடமும் கடலில் சங்கு வேண்டுமே!

கரிசல் விவசாயிக்குச் சங்கு எது? இரண்டு கறவை மாடு, நான்கு வெள்ளாடு, வரப்பில் நிற்கும் பனை, வீட்டுப் பெண்களின் சுயஉதவிக்குழுத் தொழில், நூறு நாள் வேலை. பணமுடை வந்ததும் முதலில் விற்கப்படுவது கறவை மாடாகவும் தாய் ஆடாகவும் இருக்கிறது. அது சின்னச் சங்கையும் அள்ளிவிடுவது போன்றது. மாதத் தவணை, சீட்டு, குத்தகை போன்ற நிலையான செலவுகளை இந்தச் சிறு வருமானத்துக்குள் அடக்கிக்கொள்ள வேண்டும். வெள்ளாமைப் பணத்தை நம்பி மாதத் தவணை எடுப்பது ஆபத்து.

கயிறு பிடிக்க ஒருவர் வேண்டும்

முத்துக்குளிப்பவர் காலில் கல்லைக் கட்டி, எட்டுப் பத்துப் பாகம் ஆழத்துக்கு இறங்குவார். மூச்சு முட்டும்போது கயிற்றை அசைப்பார். படகில் இருப்பவர் உடனே மேலே இழுக்க வேண்டும். கொஞ்சம் அசந்தாலும் உயிர் போய்விடும். அதனால் தங்கை தாலியை நினைத்துக் கவனமாக இருப்பான் என்று, மைத்துனனையே கயிறு பிடிக்க வைப்பார்கள் என்று கடற்கரையில் சொல்வதுண்டு.

விவசாயத்தில் பல குடும்பத் தலைவர்கள் கயிறு பிடிக்க ஆளில்லாமல் இறங்குகிறார்கள். எவ்வளவு கடன் என்று மனைவிக்குத் தெரியாது. பயிர் போனது என்று அண்ணன் தம்பிக்குச் சொல்வதில்லை. 'ஊர்ல என்ன நினைப்பாங்க' என்ற வெட்கத்தில், தோற்ற இலக்கை மறைக்க இன்னொரு கடன் வாங்குகிறார்கள். முதல் நஷ்டம் பயிரால் வந்தது. இரண்டாவது நஷ்டம் மௌனத்தால் வருகிறது. குடும்பங்களைக் கவிழ்ப்பது பெரும்பாலும் இரண்டாவதுதான்.

இலக்கு எழுதும்போதே வீட்டில் கணவன், மனைவி, வளர்ந்த பிள்ளைகள் மூவரும் உட்கார வேண்டும். வெளியில் நம்பிக்கையான ஒருவரிடமும் சொல்லி வைக்க வேண்டும். மச்சானாக இருக்கலாம், உழவர் உற்பத்தியாளர் குழுவில் கூட இருப்பவராக இருக்கலாம். 'இந்த எல்லைக்கு மேல் நான் கடன் வாங்கினால் என்னை நிறுத்து' என்று சொல்லும் உரிமையை அவருக்குக் கொடுங்கள். கயிற்றை அசைப்பது அவமானமல்ல.

வாசகர்கள் அடிக்கடி கேட்பவை

சின்ன இலக்காக வைத்தால் முன்னேற்றம் எப்படி வரும்?
ஐந்து வருட நடு எண்ணிலிருந்து ஒரு படி மேலே வைப்பது சின்ன இலக்கு அல்ல. 250-லிருந்து 300 கிலோ என்பது ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். அதை இரண்டு வருடம் தொடர்ந்து எட்டினால், நடு எண்ணே உயர்ந்துவிடும். அப்போது அடுத்த படியை வைக்கலாம்.

புதிய பயிரை முயற்சி செய்யவே கூடாதா?
தாராளமாகச் செய்யலாம். மூன்று ஏக்கர் இருந்தால் 10 சென்ட், 20 சென்ட்டில் தொடங்குங்கள். அது முழுக்கப் போனாலும் வீட்டுச் செலவு பாதிக்கக் கூடாது. அதுதான் உங்கள் மாதிரிச் சிப்பி. இரண்டு பருவம் பார்த்து, விற்பனையும் சரியாக இருந்தால் பரப்பைக் கூட்டலாம்.

ஒரே வருடத்தில் சொட்டுநீர், ஆட்டுக்கொட்டகை, கூடுதல் குத்தகை எல்லாம் செய்யலாமா?
ஒரு வருடத்துக்கு ஒரு பெரிய மாற்றம் போதும். இரண்டு மூன்றை ஒன்றாகத் தொடங்கினால், பணமும் ஆளும் பிரிந்து எதுவும் முழுமையாகாது. எது லாபம் தந்தது, எது தின்றது என்றும் தெரியாது.

விதைப்புக்கு முன் ஒரு பக்கம்

புரட்டாசி விதைப்புக்கு முன், பள்ளி நோட்டில் ஒரே ஒரு பக்கம் எழுதி, வீட்டுச் சுவரில் ஒட்டுங்கள்.

1. கடைசி ஐந்து வருட விளைச்சல். அதில் கணக்கு எண், முயற்சி எண், தாங்கும் எண்.
2. இந்தப் பருவத்தில் செய்து முடிக்கும் ஆறு வேலைகள், தேதியுடன்.
3. சோதித்துப் பார்க்கும் நாள்: 15-ம் நாள் செடி எண்ணிக்கை, பூக்கும் தருணம்.
4. கடன் எல்லை. இதற்கு மேல் ஒரு ரூபாயும் இல்லை. வெள்ளாமை பொய்த்தால் எந்த வருமானத்தில் வட்டி கட்டுவோம் என்பதும் இதில் வேண்டும்.
5. கயிறு பிடிப்பவர் பெயர்.

அறுவடை முடிந்ததும், அதே பக்கத்தின் கீழே நடந்ததை எழுதி, பக்கத்தைப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த வருட இலக்குக்கு அதுதான் முதல் மாதிரி. ஐந்து பக்கம் சேர்ந்துவிட்டால், யார் வந்து எவ்வளவு லாபம் சொன்னாலும், நம் நிலம் என்ன தரும் என்று நம் நோட்டே சொல்லிவிடும்.